தம்பிக்கு அந்தப் படத்தைக் காட்டலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பைக் விபத்தில் கால் முறிந்து படுத்திருக்கும் தம்பிக்கு, அமெரிக்கக் கால்பந்து வீரர் அலெக்ஸ் ஸ்மித்தைப் பற்றிய ‘புராஜெக்ட் லெவன்’ ஆவணப்படத்தைப் போட்டுக் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மனசு வைத்தால் எழுந்துவிடலாம் என்பது அவனுக்கு உறைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். படத்தைத் தாராளமாகக் காட்டுங்கள். ‘மனசு வைத்தால்’ என்ற உபதேசத்தை மட்டும் கூடச் சேர்க்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

2018 நவம்பர் 18 அன்று ஹூஸ்டன் டெக்சன்ஸ் வீரர்கள் இருவர் சேர்ந்து, வாஷிங்டன் அணியில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கான ஸ்மித்தைக் கீழே சாய்த்தார்கள். வலது காலில் முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளும் முறுக்கிக்கொண்டு உடைந்தன. உடைந்த முனை தோலைக் கிழித்தது. உங்கள் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். எலும்புக்கு மேலே தோல்தான், நடுவில் சதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. அதனால்தான் அங்கே உடைகிற எலும்பு சுலபமாக வெளியே வந்துவிடுகிறது. எலும்பு வெளியே வந்த வழியாகக் கிருமி உள்ளே போகலாம்.

ஸ்மித்தின் எலும்புக்கு உடனே அறுவை சிகிச்சை நடந்தது. சில நாட்களில் காய்ச்சல் கண்டது, காலில் கொப்புளங்கள் எழுந்தன. சதையை அழுகச் செய்யும் கிருமித் தொற்று ஏறி, உயிருக்கே ஆபத்தாகிவிட்டது. கெட்டுப்போன சதையை மருத்துவர்கள் மறுபடி மறுபடி வெட்டி எடுத்தார்கள். காலை எடுத்துவிடுவதா, காப்பாற்றிப் பார்ப்பதா என்று முடிவு செய்யவேண்டிய நேரத்தில் ஸ்மித் மயக்க மருந்தில் இருந்தார். அவர் மனைவி எலிசபெத்தும் மருத்துவர்களும்தான் யோசித்தார்கள். இடது தொடையிலிருந்து சதை எடுத்து வலது காலை மூடினார்கள். எலும்பு கூடுவதற்காக, வளையமும் கம்பியுமாக ஒரு சட்டத்தைக் காலைச் சுற்றி மாட்டினார்கள். மொத்தம் 17 அறுவை சிகிச்சைகள். அந்த வாரங்களில் அவருடைய மன உறுதிக்கு என்ன வேலை இருந்தது, சொல்லுங்கள்? நல்ல சர்ஜன்கள் இருந்தார்கள், மருந்து கேட்டது, மனைவி பக்கத்திலேயே இருந்தார்.

மனசுக்கு வேலை அதற்குப் பிறகுதான் வந்தது. சான் அன்டோனியோவில் ராணுவத்தின் ‘சென்டர் ஃபார் தி இன்ட்ரெபிட்’ என்ற மறுவாழ்வு மையம் இருக்கிறது. போரில் குண்டுவெடிப்பில் கால் சிதைந்தவர்களுக்கான இடம். ஸ்மித்துக்குத் தனி அனுமதி வாங்கவேண்டியிருந்தது. அங்கே சிப்பாய்களோடு சேர்ந்து பயிற்சி செய்தார். பாதத்தைத் தானாகத் தூக்க முடியாத குறை அவருக்குத் தங்கிவிட்டது. அதற்கென்று ஒரு பட்டையைக் காலில் மாட்டிக்கொண்டுதான் பிறகு ஆடவே வந்தார்.

அவர் களத்துக்குத் திரும்பியது 2020 அக்டோபர் 11 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்கு எதிராக. நீங்கள் சொல்லும் படம் அதற்கு முன்பே, அந்த வருடம் மே மாதம் வந்துவிட்டது. படம் எடுத்தவர்களுக்கே முடிவு தெரியாது என்பதைத் தம்பியிடம் சொல்லுங்கள். அந்த சீசனின் சிறந்த மீள்வருகைக்கான விருதும் ஸ்மித்துக்குத்தான். 2021 ஏப்ரலில் ஓய்வு பெற்றார்.

இன்னொருவர் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1985-இல், அதே நவம்பர் 18-இல், அதே வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனுக்கும் வலது காலில் அதே இரண்டு எலும்புகள் உடைந்தன. அந்த ஆட்டமும் 23-21, ஸ்மித் விழுந்த ஆட்டமும் 23-21. தைஸ்மனுக்கு அப்போது வயது 36. எலும்பு கூடியபோது கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. அதன்பின் அவர் ஆடவே இல்லை. தொலைக்காட்சியில் ஆட்டத்தை விளக்கும் வேலைக்குப் போய் அதில் பெயர் எடுத்தார். அவருக்கு மன உறுதி குறைவு என்று எந்த வாயால் சொல்வது?

ஸ்மித் திரும்பி வந்த அதே 2020 அக்டோபர் 11-இல் டாலஸ் கௌபாய்ஸ் வீரர் டாக் பிரெஸ்காட்டுக்குக் கணுக்கால் உடைந்து மூட்டும் விலகியது. அவருக்கும் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டுதான் வந்தது. அன்று இரவே அறுவை சிகிச்சை செய்தார்கள். பதினோரு மாதத்தில் அடுத்த சீசனின் முதல் ஆட்டத்தில் இறங்கி 403 கெஜம் பந்து வீசினார். ஸ்மித்துக்கு ஏறக்குறைய இரண்டு வருடம், தைஸ்மனுக்கு விளையாட்டே முடிந்தது, இவருக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை. எந்த எலும்பு, எந்த இடம், தோல் கிழிந்ததா, கிருமி தொற்றியதா, வயது என்ன என்பதையெல்லாம் பொறுத்த கணக்கு அது.

தம்பியின் காலுக்கும் ஒரு கணக்கு உண்டு. அது அவனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டருக்குத்தான் தெரியும். எப்போது காலை ஊன்றலாம், எவ்வளவு பாரம் கொடுக்கலாம், எந்த அறிகுறி தெரிந்தால் உடனே ஓடி வரவேண்டும் என்று அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிசியோதெரபியை அவன் விடாமல் செய்ய வேண்டும்; அவன் மனசு வைக்கவேண்டிய இடம் அதுதான். அதைச் செய்தும் நாள் இழுத்தால், “அலெக்ஸ் ஸ்மித்தைப் பார், நீ மனசே வைக்கவில்லை” என்று யாரும் அவனைக் குத்திக்காட்டாமல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்தில் காயத்தை அப்படியே காட்டுகிறார்கள். முதலில் நீங்கள் ஒரு முறை பார்த்துவிட்டு, பிறகு அவனுக்குப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்