தெரிந்த நூலே முதற் பாடநூல்

நம் ஆலயத்தில் நடைபெறும் திருக்குறள் மனனப் போட்டியில் பத்துக் குறளையும் பிசகின்றி ஒப்புவிக்கும் பிள்ளைகள் உண்டு. அதே குறளை நூலில் காட்டி வாசிக்கச் சொன்னால் பலர் தயங்கி நிற்கின்றனர். நாவில் உள்ள தமிழ் கண்ணுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆயினும், வீட்டில் தமிழ் கற்பிக்கும் பெற்றோர்க்கும் தாத்தா பாட்டியர்க்கும் அந்த மனப்பாடமே நல்ல முதலீடு என்பது ஆசிரியப் பணியில் நான் கண்ட உண்மை.

247 எழுத்துகளையும் முடித்த பிறகே நூலைத் தொடவேண்டும் என்பதில்லை. குழந்தைக்கு நன்கு தெரிந்த ஒரு குறளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அடியில் நான்கு, இரண்டாம் அடியில் மூன்று என ஒவ்வொரு குறளிலும் ஏழு சீர்கள். குழந்தை சொல்லச் சொல்ல, அந்தந்தச் சீரின்மேல் விரல் வைக்கட்டும். அடுத்து வரும் ஒலி முன்பே தெரிவதால், அச்சமின்றி எழுத்தை உற்று நோக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விரல் நகர்ந்தாலும் கண் வாசிக்காமல் இருக்கலாம். ஆகவே, ஏழு சீர்களையும் ஏழு அட்டைகளில் எழுதிக் கலைத்துப் போட்டு, வரிசைப்படி அடுக்கச் சொல்லுங்கள். பின்னர் ஓர் அட்டையை மட்டும் காட்டிக் கேளுங்கள். ல, ழ, ள வேறுபாட்டையும் அப்போதே சுட்டிக் காட்டலாம்.

கணக்குக்கும் அந்நூல் உதவும். அறத்துப்பால் 38, பொருட்பால் 70, காமத்துப்பால் 25 அதிகாரங்கள். கூட்டினால் 133, பத்தால் பெருக்கினால் 1,330 குறட்பாக்கள்.

முடிவில், குழந்தை முன்பு கேட்டறியாத ஒரு வரியைக் கொடுங்கள். கோயில் அறிவிப்புப் பலகையே போதும். அதைத் தானே வாசித்துவிட்டால், மனப்பாடம் கல்வியாயிற்று எனக் கொள்ளலாம். நாள்தோறும் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள், இன்றே தொடங்குங்கள்.