எஞ்சிய நூலுக்கும் விலையுண்டு
(குரோஷாப் பின்னல் பாடம்)

நூல் வியாபாரம் செய்யும் நம் அன்பர்கள் நன்கறிந்த தொல்லை ஒன்றுண்டு. ஒரே நிறத்தில் பத்து உருண்டை விற்றபின் இரண்டு தங்கிவிடும். அடுத்து வரும் சரக்கு வேறு சாயத்தொட்டியில் தோய்ந்தது. நிற எண் ஒன்றாயினும் லாட் நம்பர் வேறு. சாயலும் சற்று மாறும். தங்கிய இரண்டை வாங்குவாரில்லை, முதல் முடங்கும். இதற்கு வழி குரோஷாப் பின்னலிலேயே இருக்கிறது.

இப்பின்னலில் இரு முறைகளைக் கவனிப்போம். முதலாவது வண்ணப் பின்னல். கட்டத்தாளில் உருவை வரைந்து, கண்ணிகளை எண்ணிப் பின்னுவது. நிறம் மாற்றுகையில், முந்திய கண்ணியின் கடைசி இழுப்பிலேயே புது நூலைக் கொக்கியில் வாங்கவேண்டும். ஓய்ந்திருக்கும் நூலைக் கண்ணிகளுக்குள் மறைத்து உடன் கொண்டுசெல்லவேண்டும். இறுக்கினால் பின்னல் சுருங்கும். கொலம்பியாவின் வாயூ மக்கள் பின்னும் தோள்பைகள் வண்ணப் பின்னலுக்குப் புகழ்பெற்றவை.

இரண்டாவது கட்டற்ற பின்னல். எண்ணிக்கையில்லை, மாதிரிப் படமுமில்லை. சுருள், பூ, இலை எனச் சிறு துண்டுகளைப் பின்னிப் பிறகு இணைப்பது. துண்டுகளை இணைக்கும் வழக்கம் பழையது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தையொட்டி, அயர்லாந்துப் பெண்கள் ரோஜாவும் இலையும் தனித்தனியே பின்னி, வலைப்பின்னலால் சேர்த்து விற்றுக் குடும்பம் காத்தனர்.

இரண்டையும் ஒரு கைப்பையில் சேர்ப்பது எப்படி? பையின் உடலை வண்ணப் பின்னலாகச் செய்க. இங்கே ஒரு நிறத்துக்கு ஒரே லாட் நூல்தான் வேண்டும். மாறினால் கோடு போலத் தெரியும். மேல்மூடியைக் கட்டற்ற பின்னலாகச் செய்க. இங்கே சாயல் வேறுபாடு குறையன்று. இலையின் வெயிலும் நிழலும் போல அழகு தரும். மூடியின் அளவுக்குத் தாள் வெட்டி, துண்டுகளை அதன்மேல் பரப்பி, இடைவெளியைச் சிறு கண்ணிகளால் நிரப்பி இணைக்கவேண்டும். உடலிலுள்ள நிறமொன்று மூடியில் இரண்டு மூன்று இடங்களில் வந்தால் இரண்டும் ஒட்டி நிற்கும்.

எச்சரிக்கை: நூலின் கனம் ஒன்றாயிருக்கட்டும். பருத்தியுடன் கம்பளி கூடாது. துவைத்தால் கம்பளி சுருங்கக்கூடும். அடர்நிற நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் சோதிக்கவும்.

வியாபாரிகள் செய்யத்தக்கது இதுவே: ஒரே கனமுள்ள எஞ்சிய நூல்கள் ஐந்தாறைக் கட்டாக்கி, தாள் அளவொன்றையும் உள்ளே வைத்து விற்கலாம். லாட் நம்பர் வேறென்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சரக்கின் குணத்தைச் சொல்லி விற்பவனிடமே வாடிக்கை நிலைக்கும்.