மகளை எந்த வழியில் சேர்ப்பது?

மே மாதம் சீசன் முடிந்துவிட்டால், அமெரிக்காவில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் பெண்பிள்ளைகளின் வீடுகளில் ஒரே பேச்சுதான்: அடுத்த வருஷம் எந்த லெவல், எந்த வழி? நான் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். போட்டி நாட்களில் ஸ்கோர் மேசையில் தன்னார்வலராகவும் உட்காருவேன். இரண்டு இடத்திலும் பார்ப்பது பெரும்பாலும் அதே குடும்பங்களைத்தான். சமீப காலமாக அவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டால் கவலையாக இருக்கிறது. “அவ 2012 டிசம்பர்ல பொறந்தவ, லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்ஸுக்கு வயசு சரியா வருதுங்க” என்கிறார் ஒரு அப்பா. “அவ வயசு குரூப்ல ஆள் கம்மி, இன்னொரு வருஷம் இதே லெவல்ல நின்னா தங்கம்தான்” என்கிறார் ஓர் அம்மா. பீம் மேல் ஏறி நிற்பது அந்தப் பெண்ணுக்குப் பிடிக்கிறதா என்பது பேச்சிலேயே வருவதில்லை.

வயதுப் பிரிவு எப்படி உண்டாகிறது என்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். லெவல் போட்டிகளில் முன்கூட்டியே நிர்ணயித்த வயது வரம்புகள் பெரும்பாலும் இருப்பதில்லை. போட்டிக்குப் பெயர் கொடுக்கும் கெடு முடிந்ததும், ஒவ்வொரு லெவலிலும் வந்திருக்கும் பிள்ளைகளைப் பிறந்த தேதிப்படி வரிசைப்படுத்தி, ஏறக்குறைய சமமான கூட்டங்களாக வெட்டுவார்கள். அவ்வளவுதான். நூறு பேர் வரும் பெரிய போட்டியில் ஒரு பிரிவுக்குள் இருப்பவர்களின் பிறந்த தேதிகளுக்கு இடையே சில மாதங்களே இருக்கும். சிறிய போட்டியில் எட்டு வயதும் பத்து வயதும் ஒரே பிரிவில் நிற்கும். மாநில, மண்டலப் போட்டிகளிலும் வெட்டும் இடம் தகுதி பெற்றவர்களின் தேதிகளைப் பொறுத்ததுதான். லெவல் 10 தேசியப் போட்டியில் ஜூனியர் ஏ, ஜூனியர் பி, சீனியர் ஏ என்று பெயர்கள் கம்பீரமாக இருந்தாலும், அவையும் இதே வகை வெட்டுகள்தான்.

ஆகவே உங்கள் மகள் போன மாதம் தன் பிரிவில் மூத்தவளாகவும் இந்த மாதம் இளையவளாகவும் இருக்கலாம். அதைப் பெற்றோரோ பயிற்சியாளரோ தேர்ந்தெடுக்க முடியாது. ஆறு பேர் இருந்த பிரிவில் வாங்கிய முதல் பரிசையும், இருபத்தைந்து பேரில் வாங்கிய ஐந்தாம் பரிசையும் அருகருகே வைத்தால் எது பெரிது என்று சொல்வது கஷ்டம். ஸ்கோரைப் பாருங்கள். வால்ட், பார்ஸ், பீம், ஃப்ளோர் நான்குக்கும் சேர்த்து 40க்கு எவ்வளவு வந்தது, போன தடவையைவிட எங்கே கூடியது, எந்தக் கருவியில் தொடர்ந்து குறைகிறது என்பதெல்லாம் அதில் தெரியும். மெடலில் இவை எதுவும் தெரியாது.

நம் கையில் இருக்கும் தேர்வு வழியைப் பற்றியது. மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, எல்லோருக்கும் தெரிந்த லெவல் ஏணி: 1 முதல் 10 வரை. 5 வரை கட்டாய வரிசைகள். நாடு முழுக்க ஒரே இசைக்கு ஒரே அசைவுகள். 6லிருந்து தனக்கென்று அமைத்த வரிசை. குறிப்பிட்ட ஸ்கோர் எடுத்தால்தான் அடுத்த படி. அடிப்படை உறுதியாகும், வேகம் மிதமாக இருக்கும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதுவே பொருந்தும். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதக்கத்துக்காகப் பிள்ளையை ஒரே லெவலில் நிறுத்திவைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். திறமை முதிர்ந்த பிறகும் அங்கேயே நிற்கும் பெண் சீக்கிரம் சலித்துப்போவாள். அந்தப் பிரிவில் முதல் முறையாக நிற்கும் மற்ற பிள்ளைகளுக்கும் அது நியாயமில்லை.

இரண்டாவது, எக்ஸெல். பிரான்ஸ், சில்வர், கோல்ட், பிளாட்டினம், டயமண்ட், சஃபையர் என்று ஆறு படிகள். பயிற்சி நேரம் குறைவு, விதிகள் நெகிழ்வானவை, தொடக்கத்திலிருந்தே சொந்த வரிசை, சொந்த இசை. “அது சும்மா பொழுதுபோக்குங்க” என்று நம்மவர்கள் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. என் மகள் இந்த வழியில் வந்தவள், அதனால் எனக்குச் சாய்வு இருக்கலாம், இருக்கட்டும். பரதநாட்டியம், பள்ளிக்கூடம், தம்பியோடு சண்டை எல்லாவற்றுக்கும் அவளுக்கு நேரம் இருந்தது. ஃப்ளோர் இசையில் பாடல் வரிகள் வரக்கூடாது என்பது விதி. அதனால் ஒரு பெண் நாதஸ்வரமும் தவிலும் மட்டும் ஒலிக்க ஆடினாள். ஜட்ஜுகள் நிமிர்ந்து உட்கார்ந்ததை மேசையிலிருந்து பார்த்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உயரம் கூடி, பழைய வித்தைகள் கைவிட்டுப்போய்த் தவிக்கும் பிள்ளைகளை விளையாட்டிலேயே தக்கவைப்பதில் இந்த வழி சிறந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

மூன்றாவது எலீட், ஒலிம்பிக்ஸ் வரை போகும் வழி. என் கவலையெல்லாம் இதில்தான்.

டெக்சஸில் பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் நம் குடும்பங்கள் நிறைய. 2004இலும் 2008இலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற கார்லி பேட்டர்சனும் நாஸ்தியா லியூகினும் பயிற்சி எடுத்த பகுதி அது. வெற்றி அவ்வளவு பக்கத்தில் தெரியும்போது ஆசை வருவது இயல்பு. ஆனால் அந்த ஆசையோடு பிறந்த ஆண்டுக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. லெவல் போட்டியின் வெட்டுகள் எலீட்டில் இல்லை. பிறந்த ஆண்டு ஒன்றுதான் அளவுகோல். பெண்கள் சீனியராகப் போட்டியிட அந்தக் காலண்டர் ஆண்டுக்குள் 16 நிறைய வேண்டும். 2012 டிசம்பர் 31இல் பிறந்தவள் 2028இல் தகுதி பெறுவாள். மறுநாள் பிறந்தவள் ஒலிம்பிக்ஸுக்கு 2032 வரை காத்திருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட பெற்றோர் பின்னோக்கி எண்ணுகிறார்கள். 16இல் ஒலிம்பிக் என்றால் 12இல் எலீட், 9இல் லெவல் 9, அதனால் இப்போதே வாரம் முப்பது மணி நேரம், பள்ளிப் படிப்பு வீட்டிலிருந்தே என்று திட்டம் தயாராகிவிடுகிறது.

இந்த வரம்பு எதற்காக வந்தது என்று அவர்கள் யோசிப்பதில்லை. 1976இல் மாண்ட்ரியலில் நாடியா கொமனேச்சி பத்துக்குப் பத்து வாங்கியபோது அவருக்கு வயது 14. குறைந்தபட்ச வயதே அப்போது 14தான். 1981இல் அது 15 ஆனது, 1997இல் 16. எலும்பு வளர்ந்து முடியாத உடலைப் பாதுகாப்பதே நோக்கம். மணிக்கட்டில் எலும்பு வளரும் தட்டு திரும்பத் திரும்ப அடிபட்டு நசுங்குவதும், கீழ்முதுகு எலும்பில் விரிசல் விழுவதும் இந்த விளையாட்டில் நன்கு தெரிந்த காயங்கள். விதியை ஏமாற்றப் பார்த்தவர்களும் உண்டு. 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் சீன வீராங்கனை டோங் ஃபாங்ஷியாவுக்கு உரிய வயது ஆகவில்லை என்று தெரிந்து, பத்து ஆண்டுகள் கழித்து அந்த அணியின் வெண்கலம் பறிக்கப்பட்டு அமெரிக்க அணிக்குப் போனது. வயது வரம்பு பிள்ளைக்குக் கட்டிய வேலி. நம் பெற்றோர் அதை ஓட்டப்பந்தயத்தின் கோடாக மாற்றிவிட்டார்கள்.

அந்தக் கோட்டைப் பிடிக்காவிட்டால் எல்லாம் போய்விடுமா? சிமோன் பைல்ஸ் பிறந்தது 1997 மார்ச்சில். லண்டன் 2012க்கு அவருக்கு வயது போதவில்லை. அவரைவிட ஐந்து மாதம்கூட மூத்தவரல்லாத கைலா ராஸ் 1996 அக்டோபரில் பிறந்ததால் அந்த அணியில் இடம்பெற்றுத் தங்கம் வென்றார். தேதியால் இடம் தவறிய பைல்ஸ் 19 வயதில் ரியோவுக்கும் 27 வயதில் பாரிஸுக்கும் போய் வந்தார். பாரிஸ் சென்ற அமெரிக்கப் பெண்கள் அணியில் ஐவரில் நால்வர் இருபதைத் தாண்டியவர்கள். அங்கே ஃப்ளோரில் தங்கம் வென்ற பிரேசிலின் ரெபேக்கா அன்ட்ராஜிக்கு 25 வயது. உஸ்பெகிஸ்தானில் பிறந்த ஒக்சானா சுசோவிதினா எட்டு ஒலிம்பிக்ஸ் கண்டவர். 33 வயதில் வால்ட்டில் வெள்ளி வென்றார். திரிபுராவின் தீபா கர்மாகர் ரியோவில் நான்காம் இடம் பிடித்தபோது அவருக்கு 23. 2024இல் ஆசியத் தங்கம் வென்றபோது 30.

நம் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்லும் பெயர் மோகினி பரத்வாஜ். தந்தை இந்தியர். பதின்வயதில் எலீட்டாக இருந்தும் 1996 ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கல்லூரிக்குப் போனார், யுசிஎல்ஏ அணியில் ஆடினார், படிப்பை முடித்தார், விளையாட்டை விட்டார். பிறகு ஆசை விடாமல் திரும்பி வந்து, பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி எடுத்து, 25 வயதில் ஏதென்ஸில் அமெரிக்க அணியின் கேப்டனாக வெள்ளி வாங்கினார். ஆண்களில் ஹூஸ்டனின் ராஜ் பவ்சர் 2004இல் மாற்று வீரராகவே நின்றார். 2008இலும் முதலில் அதே நிலைதான். கடைசி நேரத்தில் இடம் காலியாகி அணிக்குள் வந்து, 27 வயதில் வெண்கலத்தோடு திரும்பினார். ஆண்களுக்குச் சீனியர் வயதே 18 என்பதால் பையன்களின் வீட்டில் இந்த அவசரம் கொஞ்சம் குறைவு.

“ஒலிம்பிக் வேண்டாம், கல்லூரி ஸ்காலர்ஷிப் கிடைச்சா போதும், அதுக்குத்தான் எலீட்” என்பார்கள் சிலர். அதற்கும் எலீட் அவசியமில்லை. கல்லூரி அணிகள் லெவல் 10லிருந்து ஏராளமானவர்களை எடுக்கின்றன. கல்லூரிப் பயிற்சியாளர்கள் மாணவியிடம் நேரடியாகப் பேச, அவள் பத்தாம் வகுப்பு முடித்த ஜூன் 15 வரை பொறுத்தாக வேண்டும். எட்டு வயதில் நீங்கள் காட்டும் வேகத்தைப் பார்க்க அங்கே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

எலீட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கென்றே பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், ஸ்கோர் மேசையிலிருந்தே அடையாளம் தெரியும். விழுந்ததும் கோபத்தோடு இல்லாமல் ஆவலோடு எழுகிறவர்கள், பயிற்சி முடிந்தும் பார்ஸை விட மனமில்லாதவர்கள், அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்காதவர்கள். அந்த நாட்டம் அப்பாவின் கணக்கிலிருந்து வராது, பக்கத்து வீட்டுப் பெண் சேர்ந்துவிட்டாள் என்பதாலும் வராது. பிள்ளைக்குள் இருந்தால் ஒரு வருஷம் தாமதித்தாலும் இருக்கும். தமிழ்ப் பள்ளியிலும் இதைத்தான் காண்கிறேன். நான்கு வயதில் திருக்குறளை மேடையில் ஒப்பித்த பிள்ளைகளில் சிலர் பத்து வயதில் தமிழே வேண்டாம் என்கிறார்கள். மெதுவாக எழுத்துக்கூட்டிய சிலர் தாமாகவே கதைப் புத்தகம் கேட்டு வருகிறார்கள். எந்தக் கலைக்கும் பொறுமை கேட்கும் ஒரு காலம் உண்டு. அந்தக் காலத்தைப் பெரியவர்கள் நாமே சுருக்கிவிடக் கூடாது.

ஆகஸ்டில் புதிய பதிவு தொடங்குவதற்கு முன் ஜிம்மில் உட்கார்ந்து பேசுங்கள். லெவலை யார் தீர்மானிக்கிறார்கள், எதை வைத்து என்று கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்று என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். பயிற்சி நேரத்தில் பெற்றோர் உட்கார்ந்து பார்க்கலாமா என்பது மிக முக்கியம். இந்த விளையாட்டின் அண்மைக்கால வரலாற்றில் மூடிய கதவுகளுக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமைகள் நீதிமன்றம் வரை போய், 2018இல் தீர்ப்புகளும் வந்துவிட்டன. பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில் எந்த வழியிலும் சேர்க்க வேண்டாம். ஒரு வழியில் சேர்ந்து சரிப்படவில்லையென்றால், எக்ஸெலிலிருந்து லெவலுக்கோ லெவலிலிருந்து எக்ஸெலுக்கோ அந்த ஜிம் எந்தக் கட்டத்தில் மாற்றிக்கொடுக்கும் என்பதையும் விசாரியுங்கள். இவ்வளவும் கேட்டு வந்த பிறகு, கார் வீட்டுக்குத் திரும்பும் வழியில் பின் இருக்கையில் இருப்பவளிடமும் கேளுங்கள். அவள் “தெரியலம்மா” என்று சொன்னால், இந்த வருஷம் இப்போது இருக்கும் இடத்திலேயே விடுங்கள்.