அட்வான்ஸ் கொடுக்கும் முன்

அன்புள்ள செல்விக்கு,

திருவண்ணாமலை வேங்கிக்கால் மனையின் ஆவண நகல்களைப் பார்த்தேன். கிரிவலம் வருகிறவர்களுக்கு வாடகை அறை கட்டும் யோசனை நல்லதுதான். ஆனால் புரோக்கர் அவசரப்படுத்துகிறார் என்று அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

'பத்திரம் பதிவாகும், அப்புறம் என்ன?' என்கிறாராம். மனை யார் கைக்கு வருகிறது என்பதைத்தான் பத்திரம் சொல்லும். அதில் என்ன கட்டலாம் என்பது நகர் ஊரமைப்புத் துறையின் (டி.டி.சி.பி.) அனுமதியைப் பொறுத்தது. அங்கீகாரமில்லாத மனையைப் பதிய 2016 அக்டோபர் 20 முதல் தடை இருக்கிறது. ஆனாலும் முன்பே மனையாகப் பதிவானதை மறுபடி பதிய வழி உண்டு. பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான். கிரயம் முடிந்துவிடும், பிளான் அப்ரூவல் வராது. உன் மனைக்கும் பழைய பஞ்சாயத்துக் கையெழுத்துதான் இருக்கிறது; டி.டி.சி.பி. எண் இல்லை. அங்கீகாரமில்லாத மனைகளுக்கான 2017 விதிகளின்படி வரன்முறை செய்த உத்தரவு இருந்தால் காட்டச் சொல்.

இன்னொன்று. புரோக்கர் தந்த கலர் படத்தில் மனைக்குப் பின்னால் சாலை. புலப்படத்தில் அதே இடத்தில் ஏரிப் பக்கமாக ஒரு வாய்க்கால் ஓடுகிறது. தாலுகா ஆபீஸில் ஏ-பதிவேட்டு நகல் வாங்கி, சர்வேயரை வைத்து அளந்து பார். வாய்க்கால் புறம்போக்கு ஓரடி உள்ளே வந்தாலும் அந்த இடத்துக்கு வரன்முறை கிடையாது.

அறை வாடகைக்கு விடுவது வியாபாரம். முழுமைத் திட்டத்தில் அந்தப் புல எண் குடியிருப்பா, வணிகமா, விவசாயமா என்று கேட்டுத் தெரிந்துகொள். வீடு என்று அனுமதி வாங்கி லாட்ஜ் நடத்தினால், நோட்டீஸ் கொடுத்துப் பூட்டி சீல் வைக்க 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது.

இதையெல்லாம் பார்க்க விற்பவர் காட்டும் வக்கீல் வேண்டாம். நீயே ஒரு சிவில் வக்கீலைப் பிடித்து, தாய்ப் பத்திரம், முப்பது வருட வில்லங்கம், நில வகைப்பாடு, உபயோகம் எல்லாம் பார்த்து ஒப்பீனியனை எழுத்தில் வாங்கு. கை கடிக்கிறதென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ. இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை.

இந்த மனையை விட மனமில்லை என்றால், அனுமதி கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்பத் தரவேண்டும் என்று அக்ரிமெண்டில் எழுதச் சொல். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், மனையைப் பற்றி நாம் அறியாதது எதுவோ அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று வை. வேறு இடம் பார்.

ஆசிகளுடன்,
பெரியப்பா