சங்கக் கணக்கின் பிரதி எங்கே இருக்கிறது?

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022-ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. அது முதல் அத்தகைய சங்கங்களின் பேரேடுகள் தொலைவிலுள்ள பொதுக் கணினி நிலையங்களுக்குக் குடியேறி வருகின்றன. நெசவாளர் சங்கங்களிலும் சேலைக் கரையின் மாதிரிப் படங்களை இணையத்தில் ஏற்றி வைக்கும் வழக்கம் பரவுகிறது. இதனைக் 'கிளவுட்', அதாவது மேகம் என்கின்றனர். ஏற்காட்டில் மேகம் வாசற்படி வரை வருவதுண்டு. இந்த மேகமோ பிறிதோர் ஊரிலுள்ள கணினியேயன்றி வேறன்று.

அதற்கும் ஆபத்து உண்டு. தென் கொரியாவில் தேஜான் நகரின் அரசுக் கணினி நிலையம் 26-9-2025 அன்று தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த 858 டெராபைட் கொண்ட பெட்டகம் எரிந்தது. அளவு பெரிதென்று அதற்கு வெளியே பிரதி எடுக்கப்படவில்லை. எல்லாவற்றையும் அப்பெட்டகத்திலேயே வைத்திருந்த அலுவலகம் பெரிதும் தவித்தது. தம் மேசைக் கணினியிலும் கோப்புகளை வைத்திருந்தோர் அவ்வளவு தவிக்கவில்லை.

மலைச் சங்கங்களுக்கு வேறொரு தடையும் உண்டு. பழைய பங்குப் பேரேடுகளின் படங்கள் 10 கிகாபைட் இருப்பதாகக் கொள்வோம். வினாடிக்கு ஒரு மெகாபிட் வீதம் அனுப்பும் இணைப்பில் அவற்றை ஏற்ற 80,000 வினாடிகள், அஃதாவது 22 மணி நேரத்திற்கு மேல், செல்லும். வினாடிக்கு 20 மெகாபைட் எழுதும் ஒரு பென்டிரைவில் ஒன்பது நிமிடத்திற்குள் முடியும். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாளில் மின்சாரமும் இணைப்பும் போனால், கடன் தீர்த்த அங்கத்தினருக்கு அவருடைய கணக்கைக் காட்ட அலுவலகத்தில் என்ன இருக்கும்?

ஆயினும் பென்டிரைவை மட்டும் நம்புதலும் தகாது. நெடுங்காலம் மின்னிணைப்பின்றிக் கிடந்தால் அதன் பதிவு மங்கக்கூடும். ஹார்டு டிஸ்க் கீழே விழுந்தால் பழுதாகும். கணினிக்கு அருகிலேயே வைத்தால் தீயும் திருடனும் இரண்டையும் ஒருங்கே கொண்டுபோவர்.

ஆகவே மாத முடிவில் அங்கத்தினர் கடன் நிலுவைப் பட்டியலையும் இருப்புச் சோதிப்புப் பட்டியலையும் கோப்புகளாக இறக்கி, இரு டிஸ்க்குகளில் எழுதுக. ஒன்று சங்கப் பெட்டியிலும் மற்றொன்று கீழே சேலத்தில் பாதுகாப்பான ஓரிடத்திலும் இருக்கட்டும். ஆதார் எண் முதலியன அடங்கியவை ஆதலால் இரண்டிற்கும் கடவுச்சொல் இடுதல் அவசியம். அச்சொல் முத்திரையிட்ட உறையில் தலைவரிடம் இருத்தல் வேண்டும்.

அடுத்த தணிக்கைக்கு வரும்போது நாம் அந்த டிஸ்க்கைக் கேட்போம். வேறொரு கணினியில் அதனைத் திறந்து, ஏதேனும் ஒரு கணக்கை அங்கத்தினரின் பாஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.