உவர்மண்ணும் எண்ணெயும்

நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறி வாழ்ந்த சௌராட்டிர மக்கள் நெசவிலும் சாயமிடுவதிலும் வல்லவர். பருத்தி நூலில் செந்நிறம் எளிதில் பற்றாது. ஆதலின், அவர்கள் உவர்மண்ணை நீரில் கரைத்துத் தெளியவைத்து, அத்தெளிநீரில் எண்ணெயைக் கலந்தனர். ஒட்டாத இரண்டும் ஒன்றிப் பால்போல் வெளுத்தன. நூலை அதில் பன்முறை தோய்த்து உலர்த்திய பின்னரே சாயவேரின் சிவப்பை ஏற்றினர். காரம் குன்றினால் எண்ணெய் பிரிந்து மிதக்கும்; சாயம் திட்டுத்திட்டாகப் படியும்; பல நாள் உழைப்பு வீணாகும்.

எண்ணெயும் நீரும் இணங்கியது எவ்வாறு? உவர்மண்ணிலுள்ள காரம், எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலத்தோடு கூடிச் சிறிதளவு சவர்க்காரத்தை உண்டாக்குகிறது. சவர்க்கார மூலக்கூற்றின் தலை நீரை நாடும். வால் நீரை வெறுத்து எண்ணெயை நாடும். எனவே, அஃது இரண்டிற்கும் இடையே நின்று எண்ணெய்த் துளிகளை ஒன்றோடொன்று சேராமல் காக்கிறது.

எண்ணெய் இல்லாத நீரிலும் இம்மூலக்கூறுகள் வாளா இரா. அவற்றின் அளவு ஓர் எல்லையைக் கடந்தால், வால்கள் உள்ளும் தலைகள் புறமும் அமையச் சிறு உருண்டைகளாகத் திரளும். இத்திரளை மிசெல் என்பர். இக்கருத்தை 1913-இல் மக்பெயின் என்னும் வேதியியல் அறிஞர் எடுத்துரைத்தார்.

தலைகள் மின்னேற்றம் உடையவை. ஆதலால் ஒன்றையொன்று தள்ளும். அளவாக உப்போ, வேறு வகைத் துப்புரவுப் பொருளோ சேர்ந்தால் அத்தள்ளுகை தணியும். தலைகள் நெருங்க, உருண்டைகள் புழுக்களைப்போல் நீளும். தறியில் சிக்குண்ட நூலிழைகள்போல் அவை பின்னிக்கொள்ள, நீராய் ஓடிய கரைசல் கூழாய்த் தடிக்கும். ஷாம்பு தடிப்பதும் இவ்வாறே.

அவ்வாறு தடித்த சவர்க்காரக் கரைசலில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் யாது நிகழும்? தலைகள் மின்னேற்றத்தை இழக்கும், இழைகள் குலையும், கொழுப்பு அமிலம் பிரியும், கரைசல் நீர்த்துவிடும். தக்க அளவு காரம் சேர்த்துக் கலக்கினால் மீண்டும் தடிக்கும். வேறு சில கலவைகளிலோ, சிறிதளவு அமிலமே தலைகளை நெருங்கச் செய்து தடிப்பை மிகுவிக்கும். எனவே, தடிப்பு என்பது பொருளின் அளவை மட்டும் பொறுத்ததன்று. மூலக்கூறுகள் கூடி நிற்கும் வகையையும் பொறுத்ததாகும்.

சாயவேரிலுள்ள செந்நிறப் பொருளை ஆய்வுக்கூடத்தில் ஆக்கும் வழி 1868-இல் கண்டறியப்பட்டது. அதன்பின் சாயவேர் படிப்படியாக வழக்கிழந்தது. மதுரைச் சாயக்காரர் மிசெல் என்னும் சொல்லை அறியார். ஆயினும், கலவையின் நிறத்தையும் வழவழப்பையும் கொண்டே காரத்தின் அளவை உணர்ந்தனர். கைத்தொழிலில் விளைந்த இத்தகைய அறிவைப் போற்றி, அதன் காரணத்தை ஆராய்ந்து தெளிதல் மாணவர் கடமையாகும்.