போவதற்கு முன் இதை வாசி

ஹல்துமுல்லை
ஞாயிறு

அன்பு மகளுக்கு, பெரியப்பா எழுதுவது.

நீ போனில் அழுததாக உன் அம்மா சொன்னாள். ராத்திரியில் சாப்பிடாமலே படுக்கிறாயாம். அது என்ன பழக்கம்? இந்த மழையும் என் முழங்காலும் விட்டிருந்தால் நேரிலேயே வந்திருப்பேன்.

கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரி நிர்வாக வேலை, நல்ல சம்பளம். போவதும் இருப்பதும் உன் விருப்பம், நான் குறுக்கே நிற்கமாட்டேன். நீ சொன்ன காரணம்தான் மனதுக்கு ஒப்பவில்லை. உங்கள் தோட்ட ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் டொக்டர் ஒரு பக்கம், மிட்வைஃப் ஒரு பக்கம், தோட்டத்து ஆட்கள் ஒரு பக்கம் இழுக்கிறார்களாம். இழுக்காமல்? 1912ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்து நோயாளியைத் துரையின் பொறுப்பாக்கியது. துரைக்குத் தேவைப்பட்டது மறுநாள் மலையில் நிற்கிற ஆள். காய்ச்சலை இறக்கியது அதற்காகத்தான். 1992இல் தோட்டங்களை நடத்தக் கம்பனிகள் வந்தன. இன்று கம்பனிக்கு ஒரு கணக்கு, மாகாணத்துக்கு ஒரு படிவம். நோயாளி யார் கணக்கில்?

உன் அத்தை இறந்த விஷயத்தை வீட்டில் யாரும் பேசுவதில்லை. நான் பேசுவேன். அன்றிரவு டிஸ்பென்சர் பதுளை ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதினார்; அவர் கடமை முடிந்தது. லொறிக்குத் துரை உத்தரவு வேண்டும் என்றார் கிளாக்கர். அவர் கடமையும் முடிந்தது. டிரைவர் சாவியில்லாமல் நின்றான். ஒருவரும் தப்புச் செய்யவில்லை, மகள்! விடிந்ததும் லொறி கிளம்பியது, தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு.

மீரியபெத்தை மண்சரிவும் அப்படித்தான். கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தது. சனத்தை இறக்கிக் குடியேற்றுவது தன் வேலை என்று எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை லயங்களின் மேல் வந்தது. அதற்குப் பிறகு ஆமிக்காரர், டொக்டர், வாத்தியார் எல்லாரும் ஒன்றாக நின்றார்கள். செத்த பிறகு வருகிற ஒற்றுமை யாருக்கு வேண்டும்? அதைச் சாதாரண நாளில் கொண்டுவரத்தானே உன்னைப் படிக்க வைத்தோம்.

அடுத்த கூட்டத்தைச் செலவுக் கணக்கில் தொடங்காதே. மேற்கணக்கு லயத்தில் வலி கண்ட ஒரு தாயை எடுத்துக்கொள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்து சேரும்வரை எங்கெங்கே, யாருக்காகக் காத்திருந்தாள் என்று எல்லாரும் சேர்ந்து எழுதுங்கள். டிரைவரையும் அட்டெண்டனையும் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வை. அவர்களுக்குத் தெரிந்தது டொக்டருக்குத் தெரியாது. 1990 நம்பருக்கு அடித்தால் வருகிற சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியைப் பார். போன் எடுப்பவரிலிருந்து வண்டி ஓட்டுபவர் வரை ஒரே அவசரம். அது நம்மாலும் முடியும்.

கொழும்பு ஆஸ்பத்திரிக்கு நிர்வாகிகள் வரிசையில் நிற்பார்கள். இங்கே யார் வருவார்கள்? சரி, அதை விடு.

ரொம்பப் பேசிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நம் வீட்டில் உன்னைப்போல் கெட்டிக்காரி இல்லை. கொழும்புக்கே போனாலும் பஸ்ஸில் உன் பெட்டியை நானே ஏற்றிவிடுகிறேன், முழங்கால் கிடக்கட்டும். பெரியம்மா ஒடியலும் முறுக்கும் கொடுத்தனுப்புகிறாள். முதலில் அம்மாவுக்கு ஒரு கோல் எடு, அவளும் சாப்பிடவில்லை.

பிரியமுள்ள
பெரியப்பா